என் பொறுப்பில்

பள்ளிக்கூடத்தைத் திறக்கலாமா வேண்டாமா என்று கேட்டு வந்த தாளில் ஒரே ஒரு கையெழுத்துக்குத்தான் இடம் இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு தாள். சம்மதம், சம்மதமில்லை என்று இரண்டு கட்டங்கள். சம்மதத்துக்குப் பக்கத்தில் 'என் பொறுப்பில் அனுப்புகிறேன்' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். தையல்காரி அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, தையல் மேசையின் இழுப்பறையில் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்தாள். கணவனிடம் பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அவன் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை செய்தான். தெருவில் அவனுக்கு லாண்டரிக்காரன் என்றே பெயர். நோய் வந்த பிறகு அந்தப் பெயருக்கு ஒரு கனம் கூடியிருந்தது. காலையில் அவன் சைக்கிளை எடுக்கும்போதே யாராவது வாசலுக்கு வந்து, "இன்னிக்கு எப்படி?" என்று கேட்பார்கள். டிவியில் சொல்லும் எண்ணிக்கையை யாரும் நம்பவில்லை. வார்டிலிருந்து இறங்கும் அழுக்குத் துணிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நினைத்தார்கள். நோய் வார்டுத் துணிகள் சிவப்புப் பையில் வரும். பையைப் பிரிக்கக் கூடாது. அப்படியே மெஷினுக்குள் தள்ளிக் கதவை அடைத்தால், கொதிநீரில் பை கரைந்துவிடும். ஆறு மெஷின்கள். மோசமான மாதங்களில் ஆறும் இரவு பகலாக ஓடின. "ஆறும் ஓடுது" என்று அவன் சொன்னால் தெரு கதவைச் சாத்திக்கொள்ளும்.

மூன்று வாரமாக அவன் வீட்டில் அதையேதான் சொல்லிவந்தான். ஆறும் ஓடுது.

வீட்டில் நான்கு பேர். முன்னறையில் தையல்காரியின் அண்ணன் இருந்தார். மர மில்லில் இருபத்தாறு வருடம் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றதில் தூள் போய்ப் படிந்து நுரையீரல் பாதி அடைத்துவிட்டது. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். ஆனால் வாய்க்கு மட்டும் ஓய்வில்லை. பன்னிரண்டு வயது மகளுக்கு இரண்டு காதும் மந்தம். காது மெஷின் போட்டால் சத்தம் கேட்கும், சொல் பிரியாது. எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள். யார் பேசினாலும் முகத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் கடைசிவரை கேட்டுவிட்டுப் பிறகு ஒரே வார்த்தையில் பதில் சொல்வதால், மாமா அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர் வைத்திருந்தார்.

ஜட்ஜம்மாவுக்குக் கைபேசிப் பாடம் ஒத்துவரவில்லை. திரையில் டீச்சரின் முகம் பொத்தான் அளவுதான் தெரியும். வாய் ஒரு பக்கம் போகும், சத்தம் பின்னால் வரும், நடுவில் படம் உறைந்து நிற்கும். முதல் மாதம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைபேசியைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, அம்மாவுக்குப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அதில் தையல்காரிக்கு உதவிதான். ஆனால் அவளை உறுத்தியது வேறு ஒன்று. பிள்ளையின் பேச்சு தேய்ந்துகொண்டு வந்தது. "தண்ணி" என்பாள் முன்பு. இப்போது "தண்" என்றாள். "கத்தரி" கத் ஆயிற்று. வீட்டில் எல்லோருக்கும் பாதிச் சொல்லிலேயே புரிந்துவிடுவதால் மீதிச் சொல் யாருக்கும் தேவைப்படவில்லை.

"ஏழு வருஷம் பேச்சுப் பயிற்சிக்குத் தூக்கிட்டு அலைஞ்சேன்," என்றாள் தையல்காரி ஒரு நாள் அண்ணனிடம். "ஒவ்வொரு எழுத்தா வாயில ஊட்டினோம். இப்ப ஒவ்வொண்ணா உதிருது."

"பள்ளிக்கூடம் திறந்தா சரியாயிடும்."

"உங்க மாப்பிள்ளை விடணுமே."

"என்னைச் சாக்கு வெச்சுத்தான் விடமாட்டேங்கிறாரா?"

அவள் ஊசியில் நூல் கோத்தாள்.

அவன் வேலை முடிந்து மூன்று மணிக்கு வருவான். வாசல் வழியாக வரமாட்டான். பின்பக்கம் சுற்றிப்போய்க் குழாயடியில் உடுப்பைக் கழற்றிச் சோப்பு நீரில் முக்கிவிட்டுக் குளித்த பிறகே உள்ளே காலெடுத்து வைப்பான். அன்று சாப்பாட்டுத் தட்டை வைத்த கையோடு அவள் தாளை எடுத்து நீட்டினாள். அவன் கையில் வாங்காமலே வாசித்தான்.

"ஆறு மெஷினும் ஓடுதுன்னு சொல்றேன். உனக்கு விளையாட்டா இருக்கா?"

"ஓடட்டும். அவ பேச்சு போகுதே, அது தெரியலையா உங்களுக்கு?"

"பேச்சு போனா திரும்ப வரும்."

"எப்ப? அவளுக்கு இருபது வயசு ஆகும்போதா?"

"மச்சான் ஒருத்தர் இருக்கார் முன்னறையில. இவ வெளியில போய் எதையாவது வாங்கிட்டு வந்தா அவர் தாங்குவாரா?"

முன்னறையிலிருந்து குரல் வந்தது. "மாப்பிள்ளை, எனக்காகப் பரிதாபப்படுறதுன்னா முட்டை ஒண்ணு கூட வைக்கச் சொல்லுங்க. பள்ளிக்கூட விஷயத்துல என்னை இழுக்காதீங்க."

சிரிப்பு வரவில்லை யாருக்கும். தாள் இழுப்பறைக்குத் திரும்பிப் போயிற்று.

இரண்டு நாள் கழித்து ஜட்ஜம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வெயில் கொளுத்தியது. தெருமுனையில் அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு, கூட வேலை பார்க்கும் இஸ்திரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. இரண்டு பேரும் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுத் தேநீர் குடித்தார்கள். அங்கிருந்து ஒரு சொல்கூட யாருக்கும் கேட்காது. அவளுக்குக் கேட்க வேண்டியதும் இல்லை. அவள் பார்த்தாள். பிறகு ஈரத்துணியை வாளியிலேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தாள்.

"அம்மா. மெஷின் ரெண்டு சும்மா."

"எந்த மெஷின்? நல்லாத்தானே தைக்குது?"

"இது இல்ல. அப்பா மெஷின்." அவள் நிறுத்தி, ஒவ்வொரு சொல்லையும் முழுதாகச் சொன்னாள். "சிவப்புப் பை பாதிக்கு மேல குறைஞ்சிடுச்சு. ரெண்டு மெஷின் சும்மா நிக்குது. மூணு வாரமா. அப்பா சொன்னார்."

"யார்கிட்ட?"

அவள் மாடியைக் காட்டினாள், தெருமுனையைக் காட்டினாள், தன் உதட்டைத் தொட்டாள்.

தையல்காரி அன்று சண்டை போடவில்லை. அவன் குளித்து, சாப்பிட்டு, கை கழுவித் துண்டில் துடைக்கும்வரை காத்திருந்தாள்.

"ரெண்டு மெஷின் சும்மா நிக்குதாமே."

துண்டு கையிலேயே நின்றது. "யார் சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க. எங்ககிட்ட இல்ல. அவ பார்த்துட்டா."

அவன் மகளைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், என்ன சொல்லப்போகிறான் என்று.  துண்டோடு பின்கட்டுக்குப் போனான். தையல்காரி பின்னாலேயே போனாள்.

குழாயடிக் கல்லில் உட்கார்ந்துகொண்டு அவன் வாளி நீரைப் பார்த்தான்.

"துவைச்சு முடிச்சதும் மெஷின் டிரம்முல ஏதாவது கிடைக்கும்," என்றான். "பையைப் பிரிக்காமப் போடுறோமில்ல, உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. மூக்குக் கண்ணாடி, பல்செட்டு, மோதிரம்... எல்லாத்தையும் சூப்பர்வைசர்கிட்ட குடுத்துடுவோம். அவர் ஒரு டப்பால போட்டு வைப்பார். போன மழைக்கு முன்னாடி ஒரு நாள் காது மெஷின் கிடைச்சுது."

அவள் சொட்டிக்கொண்டிருந்த குழாயைத் திருகி அடைத்தாள்.

"காதுக்குள்ள வைக்கிற அச்சு இருக்குல்ல, அது சின்னது. இவளுக்கு ஏழு வயசுல செஞ்சோமே, அந்த அளவு. கொதிநீர்ல வெந்து மஞ்சளாப் போயிருந்துச்சு."

"அந்தப் பிள்ளை?"

"கேக்கல."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா சொல்லியிருப்பாங்க."

பக்கத்து வீட்டில் யாரோ வெங்காயம் வதக்கும் வாசனை வந்தது. அவள் அவன் பக்கத்தில், இன்னொரு கல்லில் உட்கார்ந்தாள். அதுவரை ஒரு வருடமாக இதை அவன் தனியாக வைத்துக்கொண்டிருந்தான் என்பதில் அவளுக்குக் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தன. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"அதுக்காகப் பொய் சொல்லுவீங்களா?" என்றாள் கடைசியில்.

"வேற என்ன சொல்லி நிறுத்துறது? எனக்கு வேற என்ன தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூட முற்றத்தில் பெற்றோரைக் கூட்டினார்கள். முட்டிவரை புல் வளர்ந்திருந்ததை முந்தின நாள்தான் வெட்டியிருந்தார்கள். சுண்ணாம்பில் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒருவர் நிற்கச் சொன்னார்கள். ஊஞ்சலைக் கயிற்றால் கட்டிப்போட்டிருந்தார்கள். பெரிய டீச்சர் படிக்கட்டில் நின்று ஒலிபெருக்கியில் பேசினார். சம்மதத் தாள்கள் பாதிக்கு மேல் வந்தால் அடுத்த திங்கட்கிழமை திறப்பது, பெஞ்சுக்கு ஒரு பிள்ளை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வகுப்பு.

முதலில் வாயைத் திறந்தவர் மருந்துக்கடைக்காரர். "என் பொறுப்பில்னு எழுதியிருக்கீங்களே டீச்சர். பள்ளிக்கூடம் உங்களுது, பெஞ்சு உங்களுது, பொறுப்பு மட்டும் எங்களுதா?"

"மேலிடத்துல இருந்து வந்த வாசகம் சார் அது. நான் எழுதல."

"உங்க வீட்ல பாடம் பார்க்க ஆளுக்கொரு டேப் இருக்கு, பேசுவீங்க," என்றார் வேன் டிரைவர். பதினெட்டு மாதமாகப் பள்ளி வேனில் முட்டை விற்றுக்கொண்டிருப்பவர். "எங்க வீட்ல மூணு பிள்ளைக்கு ஒரு போன். அதுவும் நான் வெளியில எடுத்துட்டுப் போயிட்டா பாடமும் என்கூட ஊர் சுத்தப் போயிடும்."

"உனக்கு வேன் ஓடணும். அதுக்குத் திறக்கச் சொல்றே."

"ஆமா ஓடணும். அதுல என்ன தப்பு? உங்க கடை ஒரு நாளாவது மூடியிருந்துச்சா?"

பேச்சு தடித்தது. அப்போது கடைசி வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். நோயில் கணவனைப் பறிகொடுத்தவள் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் சத்தம் தானாக அடங்கியது. "நான் வேலைக்குப் போறப்ப பையனை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போறேன்," என்றாள். "அவனுக்கு ஒன்பது வயசு. நோயை நினைச்சா பயமாத்தான் இருக்கு. ஆனா பூட்டைத் திறக்கிறப்ப தினமும் அதைவிடப் பயமா இருக்கு. அவ்வளவுதான் சொல்லணும்." கையை இறக்கிக்கொண்டாள்.

 மருந்துக்கடைக்காரர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இங்க நாம ஆளாளுக்கு ஊகிச்சு என்ன பிரயோஜனம்? லாண்டரிக்காரரைக் கேளுங்க. ஆஸ்பத்திரியில எப்படி இருக்குன்னு அவர் சொல்லட்டும். அவர் ஆறும் ஓடுதுன்னு சொன்னா நான் என் பிள்ளையை அனுப்பமாட்டேன்."

நூறு முகங்கள் அவன் பக்கம் திரும்பின. அவன் வட்டத்துக்குப் பக்கத்து வட்டத்தில் தையல்காரி நின்றாள். மகள் சுவர் ஓரமாக நின்றாள். அவளுக்கு யார் பேசியதும் புரிந்திருக்காது. எல்லோர் வாயும் துணிக்குள் இருந்தது. அவன் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினான். யாரோ, "மூடிக்கிட்டுப் பேசுங்க" என்றார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ரெண்டு மெஷின் நிக்குது," என்றான். "மூணு வாரமா நிக்குது. சிவப்புப் பை பாதிக்கும் கீழ வந்துடுச்சு. கேட்டவங்ககிட்ட ஆறும் ஓடுதுன்னு சொல்லிட்டிருந்தேன். அது பொய்."

முணுமுணுப்பு எழுந்தது. வேன் டிரைவர், "அப்பத் திறக்கலாம்ல?" என்றார்.

"இருங்க. போன தடவையும் இப்படித்தான் நின்னுச்சு. ஆறு வாரம் நின்னுச்சு. அப்புறம் மறுபடி ஆறும் ஓடுச்சு. அதுவும் உண்மை."

"அப்ப என்னதான் சொல்றே? திறக்கலாமா கூடாதா?"

"எனக்குத் துணிதாங்க தெரியும். பள்ளிக்கூடத்தைப் பத்தித் தெரியாது."

முகக்கவசத்தை ஏற்றிவிட்டுக்கொண்டான். தையல்காரி குறுக்கே பேசினாள். "டீச்சர், எம்பொண்ணுக்கு உதடு தெரிஞ்சாத்தான் பாடம். நீங்க எல்லாரும் மூடிக்கிட்டு நின்னா அவ என்ன பண்ணுவா?"

பெரிய டீச்சர் ஒலிபெருக்கியை இறக்கினார். அந்தக் கேள்விக்கு மேலிடத்திலிருந்து வாசகம் எதுவும் வந்திருக்கவில்லை. "அதை நான் யோசிக்கலைம்மா," என்றார் வெறும் குரலில். "யோசிச்சிருக்கணும்."

தாள்களை வாங்க ஒரு மேசை போட்டிருந்தார்கள். லாண்டரிக்காரன் பேனாவை எடுத்தான். சம்மதக் கட்டத்தில் கோடு போட்டான். 'என் பொறுப்பில்' என்ற இடத்தில் பேனா நின்றது. பின்னால் வரிசை காத்திருந்தது. கையெழுத்துப் போட்டான். தையல்காரி பேனாவை வாங்கி, அவன் பெயருக்குக் கீழே கிடைத்த இடுக்கில் தன் பெயரையும் எழுதினாள்.

"ஒண்ணு போதும்மா," என்றார் மேசையில் இருந்தவர்.

"பரவாயில்ல, இருக்கட்டும்."

நூற்றுப் பதினான்கு தாளில் அறுபத்தெட்டு சம்மதம். மருந்துக்கடைக்காரர் சம்மதமில்லை என்றுதான் கொடுத்தார். போகும்போது லாண்டரிக்காரனிடம், "உண்மையைச் சொன்னீங்க, அது போதும்" என்றார்.

ஞாயிறு முடிவதற்குள் தையல்காரி ஒரு முகக்கவசம் தைத்தாள். வாய்க்கு நேராகத் துணியை வெட்டிவிட்டுக் கண்ணாடித்தாள் வைத்துத் தைத்தது. மச்சான் போட்டுப் பார்த்தார். இரண்டு மூச்சில் ஆவி படிந்து மறைத்துவிட்டது. "நல்ல வேளை, என் பல்லை யாரும் பார்க்கல," என்றார். உட்புறம் சோப்பைத் தேய்த்துத் துடைத்தாள். இப்போது கொஞ்ச நேரம் தாங்கியது. மொத்தம் ஐந்து தைத்து வகுப்பு டீச்சருக்குக் கொடுத்தனுப்பினாள். டீச்சர் பாடம் வாசிக்கும்போது மட்டும் அதைப் போட்டுக்கொண்டார். மற்ற நேரம் வியர்க்கிறது என்றார். போர்டைப் பார்த்தபடியே பேசுவது அவருடைய பழைய பழக்கம், அதற்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை.

ஆனாலும் ஜட்ஜம்மா போனாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள். முன்பு அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பெண் ஒருத்தி உண்டு. உயரமாக இருப்பதால் வகுப்பே அவளைக் கொக்கு என்று கூப்பிடும். டீச்சர் பெயரைக் கூப்பிட்டால் கொக்குதான் முழங்கையால் இடிப்பாள். இப்போது இரண்டு பெஞ்சு தள்ளி உட்காரவைத்ததில் இடிக்க எட்டவில்லை. அதனால் கொக்கு அழிரப்பரைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்துக்கொண்டு எறிய ஆரம்பித்தாள். முதல் வாரம் ஒரு துண்டு ஜட்ஜம்மாவின் கண்ணிலேயே பட்டுச் சிவந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கண்ணைக் காட்டியவள் அழவில்லை. நடந்ததை முழு வாக்கியமாகச் சொன்னாள். கடைசிச் சொல்வரை. தையல்காரி கண்ணுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அதைக் கேட்டாள்.

நாலாவது வாரம் நோய் அந்த வீட்டுக்குள் வந்தது. பள்ளிக்கூடம் வழியாக வரவில்லை. லாண்டரிக்காரனுக்கும் இஸ்திரிக்காரருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் கண்டது. அவன் பின்கட்டிலேயே படுத்துக்கொண்டு, உள்ளே யாரும் வரக்கூடாது என்றான். ஆனால் மூன்றாம் நாள் முன்னறையில் மச்சானுக்கு மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவர் பேசவில்லை. அவர் பேசாமல் போனதைத் தெரு அன்றுதான் பார்த்தது.

வாசலில் தட்டி கட்டி நோட்டீஸ் ஒட்டினார்கள். தையல்காரிக்கும் மகளுக்கும் லேசான சளியோடு போயிற்று. அவன் காய்ச்சல் விட்டும் எழுந்திருக்கவில்லை. கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தால் ஆறிக் கிடந்தது.

"நான்தான் கொண்டுவந்தேன்," என்றான் ஒரு நாள் சுவரைப் பார்த்து. "இவளை வெளியில விடாதேன்னு சொல்லிட்டு நானே கொண்டுவந்தேன்."

"கஞ்சியைக் குடிங்க," என்றாள் அவள்.  அவன்தான் கொண்டுவந்தான் என்று அவள் ஒரு தடவைகூட நினைக்காமல் இருந்தாள் என்று சொல்ல முடியாது. சொல்லவில்லை என்பதுதான் நடந்தது.

பதினோராம் நாள் மச்சானைத் திருப்பி அனுப்பினார்கள். பாதி ஆளாக வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்காரவைத்தபோது லாண்டரிக்காரன் கதவோரம் வந்து நின்றான், உள்ளே வராமல். வாயைத் திறப்பதற்குள் அவர் கையைக் காட்டினார்.

"நீங்க குடுத்ததுன்னு... சீல் குத்தியா வந்துச்சு?" ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்துக்கொண்டார். "உட்காருங்க. அங்க பெட்ஷீட் நல்லா வெளுப்பா இருந்துச்சு. அதைச் சொல்லணும்னு நினைச்சேன்."

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். முகத்தை மூடிக்கொண்டு அவன் அழுததை மூன்று பேரும் பார்த்தார்கள். மறைக்க அவனுக்கு இடம் இல்லை.

நோட்டீஸ் கிழிக்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பள்ளிக்கூடம் திறந்திருந்தது. தெருப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு போவதை ஜட்ஜம்மா ஜன்னலில் நின்று பார்ப்பாள். திறக்கக் கூடாது என்றவர்கள் இந்த வீட்டைக் காட்டி, பார்த்தீர்களா என்றார்கள். திறக்கச் சொன்னவர்களும் இதே வீட்டைக் காட்டித்தான், பள்ளிக்கூடத்திலிருந்தா வந்தது என்றார்கள்.

மறுநாள் நாலு மணிக்குக் கொக்கு வந்தாள். தட்டிக்கு அருகே வரவில்லை. எதிர்ச் சாரியில், மூடிக்கிடந்த கடைப் படியில் ஏறி நின்றாள். நோட்டை விரித்தாள். முகக்கவசத்தைக் கழற்றிப் பையில் போட்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள். நடுவே லாரி போயிற்று, மோட்டார் சைக்கிள் போயிற்று. அவள் குரலை உயர்த்தவில்லை. குரலே கொடுக்கவில்லை. உதட்டை மட்டும் அசைத்தாள். பக்கத்தைப் புரட்டினாள், டீச்சர் போர்டுப் பக்கம் திரும்பிக்கொள்வதை நடித்துக் காட்டினாள், மறுபடி உதட்டை அசைத்தாள். ஜட்ஜம்மா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்தபடி எழுதிக்கொண்டே போனாள். கண் மட்டும் தாளில் இல்லை.

"என்ன இது, சத்தமே இல்லாம?" என்றார் மாமா.

லாண்டரிக்காரன் எழுந்து மகளுக்குப் பின்னால் வந்து நின்றான். எதிரே அந்தப் பெண்ணின் வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. உற்றுப் பார்த்தான். ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

மகளின் தோளைத் தொட்டான். "என்ன சொல்றா?"

அவள் திரும்பவில்லை. திரும்பினால் அந்த வாக்கியம் போய்விடும். இடது கையைப் பின்னால் நீட்டி, சற்றுப் பொறு என்று காட்டிவிட்டு எழுதினாள். அவன் அப்படியே பின்னால் நின்றான்.